கோடையில் அணைக்கரை: தூண்டில் எடுக்கும் முன்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு முடிந்த பிறகு உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் கடைசியில் சேர்க்கப்பட்டுள்ளன.)



இந்த வருடம் மே மாதச் சுற்றுலா செங்கம், ஜவ்வாது மலைப் பக்கம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. ஒரு நாள் மலை, ஒரு நாள் அணை. அறிவிப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்ததிலிருந்து பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "சார், தூண்டில் கொண்டு வரலாமா?" ஒவ்வொருவருக்கும் லிஃப்டில் நின்று பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடலாம் என்று செயலாளரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கினேன்.

நான் மீன்வளம் படித்தவன் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். நடுவில் சில வருடம் செங்கம் பக்கத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அணைக்கரையில் உட்கார்ந்து மீனவர்களிடம் கேட்டுக் கற்றது, மீன்வளத் துறையின் கையேடுகளில் படித்தது, இரண்டும்தான் என் கையிருப்பு. கணக்குப் பிள்ளையின் புத்தி என்பதால் எதையும் வரவு செலவாகவே பார்ப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆறு, இரண்டு அணை

செங்கம் சின்ன ஊர், ஆனால் பழைய ஊர். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் பாடும் நன்னனின் ஊர் செங்கண்மா. அது இன்றைய செங்கம்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்தப் பாட்டில் வரும் சேயாறுதான் நம் செய்யாறு. ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியாக ஓடி, பிறகு பாலாற்றில் சேர்கிறது. இந்தச் செய்யாற்றின் குறுக்கே, மலையடிவாரத்தில் கட்டியிருப்பது குப்பநத்தம் அணை. உயரம் சுமார் 60 அடி. கொள்ளளவு 700 மில்லியன் கன அடி.

இன்னொன்று சாத்தனூர் அணை. இது தென்பெண்ணையின் குறுக்கே. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வந்து, கடலூரில் கடலில் கலக்கும் ஆறு. 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை. முழு நீர்மட்டம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. ஒரு மில்லியன் கன அடி என்பது ஏறக்குறைய 2.83 கோடி லிட்டர். பெருக்கிப் பார்த்தால் சாத்தனூர் நிரம்பியிருக்கும்போது 20,000 கோடி லிட்டருக்கு மேல். குப்பநத்தம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தக் கணக்கை ஏன் சொல்கிறேன் என்றால், கோடையில் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. சிறிய அணை சீக்கிரம் வற்றும், சீக்கிரம் சூடாகும், ஒரு நல்ல மழையில் சீக்கிரம் கலங்கும். பெரிய அணை மெதுவாக மாறும். மீனும் அதற்கேற்றபடி இடம் மாறும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட்டதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அதே அணையின் கரை ஏப்ரல், மே மாதங்களில் வெடித்துக் கிடக்கும். பாசனக் கால்வாய்களுக்கும் குடிநீருக்கும் போக, வெயில் குடித்ததும் போக, மீதி இருப்பதுதான் நாம் போகும்போது பார்க்கப்போகிற தண்ணீர்.

வெயிலில் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது

மீன் மூச்சுவிடுவது தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை. தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் பிராணவாயு குறையும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் அதிகபட்சம் சுமார் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் மீனின் தேவை குறையாது. மீன் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் சூடேறினால் அதன் உடம்பும் சூடேறும். 10 டிகிரி கூடினால் அதன் பிராணவாயுத் தேவை ஏறத்தாழ இரு மடங்கு. வரவு குறைகிறது, செலவு ஏறுகிறது. எந்தக் குடும்பமும் அப்போது என்ன செய்யுமோ அதையே மீனும் செய்யும்: அசைவைக் குறைத்துக்கொண்டு, வசதியான இடம் பார்த்து ஒதுங்கும்.

பகலில் பாசி பிராணவாயுவை வெளிவிடும். இரவில் பாசியும் சேர்ந்து மூச்சுவிடும். அதனால் பச்சை பிடித்த தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருப்பது விடியற்காலை. சில அதிகாலைகளில் கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பார்ப்பவர்கள் "மீன் துள்ளி விளையாடுது" என்பார்கள். விளையாட்டு இல்லை, மூச்சுத் திணறல். அந்த நேரத்தில் இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சூரியன் ஏறி, காற்று வீச ஆரம்பித்த பிறகே வாய் வைக்கும்.

இன்னொன்று கோடை மழை. பல நாள் வெயிலில் மேல் தண்ணீர் சூடாகவும் அடித் தண்ணீர் சற்றுக் குளிர்ந்தும் அடுக்கடுக்காக நிற்கும். அடியில் மக்கிய சேறு, அங்கே பிராணவாயு மிகக் குறைவு. திடீரென்று புயல் காற்றும் மழையும் வந்தால் மேலும் கீழும் ஒரேயடியாகக் கலந்துவிடும். அடுத்த நாள் மீன் மிதக்கும். உடனே "யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்" என்று பேச்சு கிளம்பும். சில இடங்களில் கழிவுநீர் காரணமாக இருக்கலாம், அதைச் சோதித்தால்தான் தெரியும். ஆனால் விஷமே இல்லாமலும் இப்படி நடக்கும்.

நேரமும் இடமும்

மே மாதத்தில் பதினோரு மணி வெயிலில் போய் உட்கார்ந்தால் மீனும் வராது, உங்களுக்குத் தலைவலிதான் வரும். காலை வெளிச்சம் வந்ததிலிருந்து எட்டரை வரை, மாலை நாலரையிலிருந்து இருட்டும் முன்பு வரை. இந்த இரண்டு வேளை போதும்.

இடம் பார்ப்பதில்தான் பாதி வித்தை. அணையில் எங்கும் தண்ணீர் ஒன்றுபோலத் தெரியும், உள்ளே அப்படி இல்லை. மீனவர்கள் முதலில் பார்ப்பது பழைய ஆற்றின் தடத்தை. அணை கட்டுவதற்கு முன் ஆறு ஓடிய பள்ளம் தண்ணீருக்கு அடியில் அப்படியே இருக்கும். கோடையில் மட்டம் இறங்கும்போது மீன் அந்தப் பள்ளத்தை ஒட்டியே ஒதுங்கும்.

இரண்டாவது, காற்று எந்தக் கரையில் மோதுகிறதோ அந்தக் கரை. சிற்றலை அடிக்கும் இடத்தில் காற்று தண்ணீரில் கலக்கும். நுண்ணுயிர்களையும் காற்று அந்தப் பக்கமே தள்ளிக்கொண்டு வரும். அசையாத தண்ணீர் பார்க்க அழகு, ஆனால் கோடையில் தூண்டிலுக்கு ஆகாது.

மூன்றாவது, நிழலும் மறைவும். மூழ்கிய மரக்கட்டை, கருவேல முள், பாறை இடுக்கு. இங்கே மீன் இருக்கும், தூண்டில் முள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். வெள்ளம் வந்து போன அணையில் அடித்து வரப்பட்ட கட்டைகள் புதிது புதிதாகக் கிடக்கும். போன வருடம் சரியாக இருந்த இடம் இந்த வருடம் அப்படி இருக்காது.

எந்த மீனுக்கு எந்த ஆழம், என்ன இரை

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் நம் ஊர் மீன் என்றே நினைக்கிறோம். உண்மையில் இவை வடக்கே கங்கைப் பக்கத்து ஆறுகளின் மீன்கள். ஓடும் ஆற்றில் வெள்ளம் வரும்போது முட்டையிடும் பழக்கம் உள்ளவை, குளத்தில் தானாக முட்டையிடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, ஹார்மோன் ஊசி போட்டு இந்த வகைக் கெண்டைகளை முட்டையிட வைத்துக் காட்டினார். அதனால்தான் ஜூலை 10-ஐ தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். இன்று அணைகளில் விடும் குஞ்சுகள் பெரும்பாலும் அந்த முறையில் பண்ணைகளில் பிறந்தவை.

மூன்றும் ஒரே தண்ணீரில் சண்டையில்லாமல் வாழ்வதற்குக் காரணம், மூன்றுக்கும் மூன்று மாடி. நம் அடுக்ககம் மாதிரிதான். கட்லா மேல் மாடி. பெரிய தலை, மேல்நோக்கிய வாய். நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். ரோகு நடு மாடி. மிர்கால் தரைத்தளம், வாய் கீழ்நோக்கி இருக்கும், அடியில் மக்கியதைத் தின்னும். எந்த மீன் வேண்டுமோ அந்த ஆழத்தில் முள் நிற்க வேண்டும். தக்கையை ஏற்றி இறக்கிச் சரிசெய்வது இதற்காகத்தான்.

கட்லாவுக்குத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் நைசாகப் பொடித்து, கொஞ்சம் மைதா சேர்த்து, தண்ணீரில் மெல்லக் கரையும் பதத்தில் பிசைய வேண்டும். கெட்டியாக உருட்டினால் தொடாது. ரோகுவுக்கு அதே மாவு சற்று இறுக்கமாக. மிர்காலுக்கும் சாதாக்கெண்டைக்கும் அடியில் படுக்கிற மாதிரி மாவு உருண்டை, இல்லாவிட்டால் மண்புழு.

ஜிலேபிக்கு நுணுக்கமே வேண்டாம். மண்புழு, மைதா, இட்லித் துண்டு எதற்கும் வரும். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீனை 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். பெண் மீன் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும், குஞ்சுகளையும் ஆபத்து வந்தால் வாய்க்குள் சேர்த்துக்கொள்ளும். வருடத்தில் பல முறை இனம் பெருக்கும். அதனால் இன்று பெரும்பாலான ஏரி, அணைகளில் இதன் ஆட்சிதான். புதிதாகத் தூண்டில் பிடிக்கும் பிள்ளைகளுக்கு முதல் மீன் அநேகமாக ஜிலேபியாகவே இருக்கும். முதுகு முள்ளில் மட்டும் கவனம் வேண்டும்.

விரால் வேறு ரகம். செவுளோடு மேல் காற்றையும் இழுத்து மூச்சுவிடும் மீன். அதனால் மற்ற மீன் தவிக்கும் சூடான, ஆழமில்லாத, செடி நிறைந்த தண்ணீரிலும் கவலையில்லாமல் இருக்கும். கரையோரம் சில நிமிடத்துக்கு ஒரு முறை "ளொபக்" என்று ஒரு குமிழி உடைந்தால் அது அநேகமாக விரால். சிறு மீன், தவளை இவைதான் இரை.

தூண்டில் கட்டுவது

ஆயிரக்கணக்கில் செலவு செய்து ராடும் ரீலும் வாங்க வேண்டாம். ஒரு நாள் பயணத்துக்கு மூங்கில் கழி போதும். பத்துப் பன்னிரண்டு அடிக் கழி, அதே நீளம் நரம்பு, நெட்டியிலோ சோளத்தட்டையிலோ ஒரு தக்கை, முள்ளுக்கு ஒரு சாண் மேலே சின்ன ஈயக்குண்டு. ஈயம் எவ்வளவு என்றால், தக்கையின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிற அளவு. தக்கை முழுதாக மிதந்தால் மீன் இழுக்கும்போது பாரம் உணர்ந்து துப்பிவிடும்.

தக்கையைப் படிக்கக் கற்றுக்கொண்டால் தண்ணீருக்குள் பார்ப்பது போல. ஜிலேபி டக் டக்கென்று கொத்தும். மிர்கால் அடியிலிருந்து இரையைத் தூக்கினால் ஈயத்தின் பாரம் விலகி, தக்கை மூழ்குவதற்குப் பதில் மேலே எழும்பிப் படுக்கும். புதியவர்கள் அதைக் காற்று என்று விட்டுவிடுவார்கள். கட்லா மெதுவாக உறிஞ்சும், தக்கை ஒரு நூல் அளவு இறங்கி நிற்கும். அப்போது கழியை வெடுக்கென்று இழுக்காமல், மணிக்கட்டால் சிறிது தூக்கினால் போதும்.

கோடையில் இன்னொரு விஷயம். இரை தூவும்போது கை நிறைய அள்ளிப் போடாதீர்கள். பசி மந்தமான காலம், தின்னாத மாவு அடியில் அழுகி, இருக்கிற கொஞ்சம் பிராணவாயுவையும் தின்றுவிடும். நெல்லிக்காய் அளவில் இரண்டு உருண்டை, அரை மணிக்கு ஒரு முறை. அவ்வளவுதான்.

யார் தண்ணீர், யார் மீன்

அணையில் நீந்தும் மீன் ஆளில்லாச் சொத்து இல்லை. அணைகளில் மீன்பிடி உரிமை மீன்வளத் துறையிடமோ, 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகத்திடமோ, குத்தகை எடுத்தவரிடமோ, மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடமோ இருக்கும். குஞ்சு விட்டவர்கள் அவர்கள். பரிசலில் போய் விடிய விடிய வலை காக்கிறவர்களின் பிழைப்பு அது. எனவே நாம் முதலில் போக வேண்டிய இடம் அணைக்கரை இல்லை, அங்குள்ள மீன்வள அலுவலகம். அனுமதி உண்டா, எந்தப் பகுதி, கட்டணம் என்ன என்று கேட்டு, ரசீது வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். கூடாது என்றால் கூடாதுதான். செயற்குழு முன்கூட்டியே எழுதிக் கேட்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த இடத்தில்தான் என் பேச்சின் முக்கியமான விஷயம் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடல் மீன் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று வைத்த நல்ல ஏற்பாடு. ஆனால் நாம் மீன் தின்பதை நிறுத்துவதில்லையே! கடல் மீன் குறைந்து விலை ஏறியதும் மார்க்கெட் அணை மீன், ஏரி மீன் பக்கம் திரும்புகிறது. அதே இரண்டு மாதத்தில்தான் அணையில் தண்ணீர் மிகக் குறைவு, வெப்பம் மிக அதிகம். மீன் குறுகிய பள்ளத்தில் கூடி நிற்பதால் பிடிப்பதும் சுலபம். முதலில் சில நாள் வலை நிறைய வரும். அதைப் பார்த்து "இந்த வருஷம் மீன் ஏராளம்" என்று சொன்னால், கணக்குத் தெரியாதவர் பேச்சு. மீன் கூடவில்லை, தண்ணீர்தான் சுருங்கியிருக்கிறது.

வங்கி பாஷையில் சொன்னால், ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் இருப்பது வட்டியோடு சேர்ந்த தொகை. மே மாதப் பள்ளத்தில் மிஞ்சி நிற்பது முதல். மழை வந்து அணை நிரம்பும்போது அடுத்த தலைமுறையைத் தொடங்கப் போவது அந்த முதல்தான். அதை எடுத்துச் செலவழித்துவிட்டால் அடுத்த வருடம் பாஸ்புக்கில் ஒன்றும் இருக்காது. குப்பநத்தம் மாதிரிச் சிறிய அணையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

நாற்பது பேர் தூண்டில் போட்டால் அணை காலியாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. ஆனால் எதை எடுக்கிறோம் என்பது பெரிய விஷயம். அதனால் நம் குழுவுக்கு நான் முன்வைப்பது இவை:

ஜிலேபியைத் தாராளமாக எடுங்கள். அதற்குப் பஞ்சம் வராது.

கட்லா, ரோகு, மிர்கால் அரைக் கிலோவுக்குக் குறைவாக இருந்தால் திருப்பி விடுங்கள். அது அரசுப் பணத்திலோ மீனவர் பணத்திலோ விட்ட குஞ்சு, வளரும் வயது.

கரையோரம் செந்நிறமாகக் குஞ்சுக் கூட்டம் புரண்டுகொண்டிருந்தால் அது விரால் குஞ்சு. அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். காவல் நிற்கும் விரால் எதையும் பாய்ந்து கடிக்கும், பிடிப்பது மிகச் சுலபம். அதைப் பிடித்தால் ஒரு மீனோடு போகாது. காவல் போன ஒரு மணி நேரத்தில் மற்ற மீன்கள் அந்தக் கூட்டத்தையே தின்று தீர்த்துவிடும். அந்தப் பக்கம் தூண்டில் போடவே வேண்டாம்.

திருப்பி விடும் மீனை உலர்ந்த கையால் பிடிக்காதீர்கள். கையை நனைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் இருக்கும் வழவழப்புதான் நோய் வராமல் காக்கும் கவசம். மணலில் போட்டு போட்டோ எடுத்துவிட்டு விடுவது விடுவதாகாது. வெயில் நேரத்தில் தண்ணீருக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதற்குக் கடன் சுமை.

அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள், பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். வெடி, விஷம் வைத்து மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்திருக்கிறது. யாராவது செய்வதைப் பார்த்தால் வேடிக்கை பார்க்காமல் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

மீனைவிடப் பெரியது

கோடை விடுமுறையில் அணையிலும் ஏரியிலும் பிள்ளைகள் மூழ்கினார்கள் என்ற செய்தி இல்லாத வருடம் கிடையாது. தண்ணீர் குறைவாக இருக்கிறது, பயமில்லை என்று நினைப்பதுதான் ஆபத்து. வற்றும் அணையின் கரையில் மேல் சேறு காய்ந்து தரை போலத் தெரியும். கால் வைத்தால் முழங்கால் வரை, இடுப்பு வரை இறங்கும். அதைத் தாண்டினால் திடீர்ப் பள்ளம். மண் எடுத்த குழிகளும் தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் சேற்றில் சிக்கியும், நரம்பு காலில் சுற்றியும் மூழ்குகிறார்கள்.

எனவே யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. முள் மாட்டிக்கொண்டால் அறுத்துவிடுங்கள், முள்ளின் விலை சில ரூபாய். மதகு, ஷட்டர், கால்வாய் வாய்ப்பகுதி பக்கம் உட்காரக் கூடாது. பதினைந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெரியவர், கைக்கெட்டும் தூரத்தில். ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் காலியாக இருந்தால் மூடியை இறுக்கி, கைப்பிடியில் நாற்பது அடி கயிறு கட்டிக் கொண்டு வாருங்கள். பிளாக்குக்கு ஒன்று போதும். யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்காமல் அதைத்தான் வீச வேண்டும். காப்பாற்றக் குதித்த இரண்டாவது ஆளும் சேர்ந்து போன குடும்பங்களை நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம்.

சாத்தனூரில் முதலைப் பண்ணை இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்டலாம். தண்ணீர் ஓரத்தில் எச்சரிக்கைப் பலகை எங்கே இருந்தாலும் அதோடு வாதம் வேண்டாம். மாலையில் மலைப்பக்கம் இடி கேட்டால் தூண்டிலை மடக்கிவிட்டு வண்டிக்குப் போய்விட வேண்டும். நீளமான கார்பன் ராடு மின்சாரம் கடத்தும், திறந்த கரையில் அதைத் தூக்கிப் பிடித்து நிற்பது இடிதாங்கி போல. மின்கம்பிக்குக் கீழேயும் கழியை உயர்த்தக் கூடாது.

கெளுத்தி, தேளி மீன்களின் பக்கவாட்டு முள் குத்தினால் கடுமையாக வலிக்கும். பொறுக்கும் அளவு சூடான நீரில் கையை வைத்தால் வலி குறையும். வீக்கம் கூடினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு "அப்போ தூண்டிலே வேண்டாம்" என்று தோன்றினால் அது என் நோக்கம் இல்லை. விடிந்தும் விடியாத நேரத்தில், ஜவ்வாது மலை எதிரே நீலமாகத் தெரிய, தக்கை அசையக் காத்திருக்கும் சுகத்துக்கு ஈடு கிடையாது. முறையாகப் போவோம், குறைவாக எடுப்போம், போன எல்லோரும் திரும்பி வருவோம்.

கேள்வி பதில்

*அணை மீனில் மண் வாசனை அடிக்கிறதே, சாப்பிடலாமா?*
அது தண்ணீரில் உள்ள சில நுண்ணுயிர்களும் பாசியும் உண்டாக்கும் பொருளின் வாசனை. கோடையில் பச்சைத் தண்ணீரில் கூடுதலாக இருக்கும். கெடுதல் இல்லை. புளிப்பு அந்த வாசனையைக் குறைக்கும். கல் உப்பும் மஞ்சளும் தேய்த்து அலசி, புளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவையுங்கள். நம் பாட்டிமார் மீன் குழம்பில் புளியைத் தாராளமாகக் கரைத்தது சும்மா இல்லை. ஆனால் மிதக்கும் மீனை மட்டும் எடுக்கவே கூடாது. பிடித்த மீனையும் ஐஸ் பெட்டி இல்லாமல் மே வெயிலில் வண்டியில் வைத்திருக்காதீர்கள்.

*பையனின் மீன் தொட்டியில் இருக்கும் டேங்க் கிளீனர் பெரிதாகிவிட்டது. அணையில் விட்டுவிடலாமா?*
தயவுசெய்து வேண்டாம். அது தென் அமெரிக்க மீன். இப்படி யாரோ இரக்கப்பட்டு விட்டதுதான் பல ஏரிகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

*நாங்கள் சைவம். எங்களுக்கு அங்கே என்ன வேலை?*
தண்ணீர் வற்றிய சேற்றுக் கரையில் நாரைகளும் கொக்குகளும் கூடும் காலம் இது. ஒரு பைனாகுலர் கொண்டு வாருங்கள். பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் என்று சொன்னேனே, அந்தப் பொறுப்புக்குத் தூண்டில் பிடிக்காதவர்கள்தான் சரியானவர்கள். தக்கையைப் பார்ப்பவர் கண் பிள்ளை மேல் இருக்காது.

*நம் ஊர் ஏரியில் போன கோடையில் மீன் மிதந்ததே, அதுவும் இப்படித்தானா?*
இருக்கலாம். அடுத்த முறை நடந்தால் மூன்று விஷயம் குறித்து வையுங்கள்: முந்தின நாள் மழை பெய்ததா, தண்ணீர் என்ன நிறம், மிதந்தது எல்லா மீனுமா அல்லது பெரிய மீன் மட்டுமா. பெரிய மீனுக்குத்தான் பிராணவாயுக் குறைவு முதலில் தாக்கும். சின்னது பெரியது எல்லாம் ஒரேயடியாக மிதந்தால் கழிவு கலந்திருக்கிறதா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுத்து, தண்ணீர் மாதிரி எடுக்கச் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கே எடுக்க வேண்டும். மத்தியானம் எடுத்தால் பிராணவாயு சரியாகத்தான் காட்டும்.

*அனுமதி கிடைக்காவிட்டால்?*
அணைக்கரைக் கடைகளில் சூடாக மீன் வறுவல் கிடைக்கும். அதை வாங்கிச் சாப்பிட்டாலும் அந்த மீனவர் குடும்பங்களுக்குத்தான் போய்ச் சேரும். கணக்கு நேராகிவிடும்.

 பயணத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் தூண்டில் கொண்டு வருகிறீர்களா, உடன் வரும் பிள்ளைகளின் வயது என்ன என்பதையும் சேர்த்து அலுவலக நோட்டில் எழுதிவிடுங்கள். எத்தனை கயிறு வேண்டும் என்று கணக்குப் போட வசதியாக இருக்கும்.